பென்சில் பதியாத மூன்று வாரங்கள்

கட்டட அனுமதி அலுவலகத்தில் அவளைவிட வயதில் மூத்த காவலாளிகூட அவளை ‘ரெக்கார்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். வேலையில் சேர்ந்து முப்பத்துமூன்று வருடம் ஆகிறது. முதல் நாலு வருடம் மாடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பிறகு ஆவண அறைக்காரர் லீவில் போனார், ஒரு வாரத்துக்கு மட்டும் கீழே போய்ப் பார்த்துக்கொள் என்றார்கள். லீவில் போனவர் திரும்பி வந்ததும் வேறு பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு வாரம் இருபத்தொன்பது வருடமாக நீண்டுவிட்டது.

ஆவண அறை கீழ்த்தளத்தில். ஜன்னல் கிடையாது. இரண்டு குழல் விளக்குகளில் ஒன்று எரிவதா வேண்டாமா என்று எப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கும். கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், அவற்றில் நாடா கட்டிய கோப்புகள். அந்த ஊரில் அறுபது வருடமாக எழும்பிய வீடு, கடை, பட்டறை எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு கோப்பு உண்டு. மனு, வரைபடம், ஆய்வாளர் குறிப்பு, அனுமதிக் கடிதம். சுவரை இடிக்க வேண்டுமானாலும் மாடி எழுப்ப வேண்டுமானாலும் பழைய வரைபடத்தின் நகல் வேண்டும். நகல் வேண்டுமென்றால் அக்காவிடம்தான் வரவேண்டும்.

அந்த அறையை வேறொரு பிரிவுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் மின் கையொப்பம் இட வேண்டும். இட்டு முடித்த கோப்பின் மூலத்தைச் சாக்கில் கட்டிப் பின்கட்டுக் கொட்டகையில் போட்டால், மாதத்துக்கு ஒரு தடவை லாரி வந்து எடுத்துப்போய் அரைத்துவிடும். கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அக்காவுக்குக் கொடுத்தார்கள். கணினியில் செருகுவதற்குக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு டோக்கன், ஆறு இலக்கப் பின் நம்பர்.

ஸ்கேன் செய்வது ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு தாள் உள்ளே போகும்போதும் ‘நெக்ஸ்ட்டு’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். சாப்பிடும்போதுகூட ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவே அவர் அதைச் சொல்கிறார் என்று காவலாளி கிளப்பிவிட்டார். அதிலிருந்து அவர் பெயரே நெக்ஸ்ட்டு ஆகிவிட்டது.

அக்காவின் வேலை இதுதான். இடது பக்கம் திரையில் படம். வலது பக்கம் மேஜையில் தாள். இரண்டையும் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பின் நம்பரை அடித்துக் கையொப்பத்தை இட வேண்டும். கையொப்பத்துக்கு மேலே ஒரு வரி வரும்: ‘மூலத்தைப் பார்த்தேன், இது அதன் சரியான நகல்.’ முதல் இரண்டு நாள் அந்த வரியை ஒவ்வொரு தடவையும் படித்தாள். பிறகு படிக்கவில்லை. ஒரு நாளைக்கு நானூறு தாள். மத்தியானம் ஆனால் எழுத்துகள் எறும்பாக ஊரும். வலது தோள்பட்டை கல்லாகிவிடும். வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால்கூட, இடதுபக்கம் ஒரு தடவை, வலதுபக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள் என்று கணவர் கேலி செய்தார்.

முதல் வாரமே நெக்ஸ்ட்டுக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பையில் பென்சில்தான் வைத்திருப்பார்கள். மழையில் மை கரைந்துவிடும் என்பதால், கட்டடம் எழும்புகிற இடத்திலேயே நின்று, வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார்கள். ஸ்கேன் இயந்திரத்தைக் கறுப்பு வெள்ளையில் வைத்தால் அது ஒவ்வொரு புள்ளியையும் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை என்று தீர்த்துவிடும். மங்கிய பென்சிலை வெள்ளை என்று தீர்த்துவிட்டால் அந்த இடம் வெறும் காகிதம்தான்.

“சாம்பல் கலர்ல வச்சு எடுங்க,” என்றாள் அக்கா.

“அதுல வச்சா ரெண்டு மடங்கு நேரம் ஆகும்க்கா. எங்களுக்குத் தாள் கணக்குத்தான்.”

“எனக்கும் தாள் கணக்குத்தான். இதுல இருக்கிறது அதுல இல்லன்னா நான் போட மாட்டேன்.”

நாற்பது தாளைத் திருப்பி அனுப்பினாள். நெக்ஸ்ட்டு முணுமுணுத்துக்கொண்டே சாம்பலுக்கு மாற்றினார். அதன்பிறகு வேலை ஓடியது.

மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் கணவர் சுவரோடு சரிந்து கிடந்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் முந்தி வரைக்கும் தேங்கிய தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த மனிதர். வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை. மருத்துவமனையில் மூன்று வாரம் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். அவளால் உடனே வர முடியவில்லை.

முதல் மூன்று நாள் அக்கா லீவு போட்டாள். நான்காம் நாள் அதிகாரி போன் செய்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை. மாதாந்திர அறிக்கை என்றால் மட்டும் முகம் வெளிறிவிடும்.

“சார் எப்படி இருக்காருக்கா? நான் கேக்கவே கூடாதுதான். ஆனா கையெழுத்து உங்க பேர்ல மட்டும்தான் இருக்கு. வேலை நின்னுபோச்சு. உங்களுக்கு எப்படி வசதியோ பாத்துச் செய்யுங்க. நிக்காம இருந்தா போதும்.”

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து கிளம்பி அலுவலகம் போனாள். மேஜையில் இரண்டாயிரம் தாள் குவிந்திருந்தது. அரை மணி நேரத்தில் முப்பது தாள் பார்த்தாள். கணவருக்கு மருந்து கொடுக்கும் நேரம் நெருங்கியது. கைப்பையைத் தேடி ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்னால் ஆறு எண்களை எழுதி, டோக்கனோடு சேர்த்து நெக்ஸ்ட்டு கையில் கொடுத்தாள்.

“நான் வர்ற வரைக்கும் நீங்களே போட்டுடுங்க. பாத்துப் போடுங்க.”

“நீங்க சாரைப் பாருங்கக்கா. இங்க ஒண்ணும் கெட்டுப்போகாது.”

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அதிகாரி டோக்கனைக் கொடு என்று சொல்லவில்லை. நெக்ஸ்ட்டும் கேட்கவில்லை. அவளாகத்தான் கொடுத்தாள். பின்னால் அவளை அறுத்ததே அதுதான்.

மூன்று வாரம் கழித்துக் கணவர் வீடு வந்தார். பேச்சு, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். கணவருக்குத் தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் எதைப் பேசினாலும் விடைத்தாள் திருத்துகிற தொனிதான். அண்ணன் எத்தனை அடி நடந்தார் என்று சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதிவைத்தாள். அவள் இல்லாவிட்டால் வீடு கவிழ்ந்திருக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். அவள் இருப்பதால் வீட்டில் மூச்சு விடுவதற்கும் மதிப்பெண் உண்டு என்பதும் தெரியும்.

அக்கா வேலைக்குத் திரும்பி டோக்கனை வாங்கிக்கொண்டாள். மறுபடியும் இடது, வலது, பின் நம்பர். படங்கள் எல்லாம் சாம்பலில் சரியாகவே வந்தன. அவள் இல்லாதபோது என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்குத் தெம்பில்லை. நாலு மாதம் அப்படியே போனது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. அப்பா கட்டிய வீடு, மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும், மகளும் மருமகனும் குழந்தைகளோடு வந்து சேர்கிறார்கள், பழைய பிளானின் நகல் வேண்டும் என்றார். அக்கா எண்ணைத் தட்டினாள். படம் வந்தது. அச்சடித்தாள். கொடுப்பதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் ஒரு தடவை கண்ணை ஓட்டினாள்.

வரைபடத்தின் கீழ் மூலையில் ஒரு கையெழுத்து தனியாக நின்றது. அதற்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு வெறும் காகிதம். எதற்கு அடியில் அந்தக் கையெழுத்து என்று தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அடியில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

“இது யார் கையெழுத்து?”

தையல்காரர் குனிந்து பார்த்தார். “எங்கப்பாவோடது. அஸ்திவாரம் போடறப்ப யாரோ ஆபீசர் வந்து என்னமோ எழுதி, இதுக்குக் கீழ கையெழுத்துப் போடுன்னு வாங்கினாராம். அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. என்ன எழுதினாருன்னு தெரியாது. அவருக்குப் படிக்க வராது.”

“கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் அக்கா. அச்சடித்த நகலை அவர் கையில் கொடுக்காமல் தன் மேஜை மேலேயே வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

கொட்டகையில் சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கணவர் மருத்துவமனையில் இருந்தபோது லாரி வந்துபோனதுதான் கடைசி. அப்புறம் அரைக்கிற இடத்தில் ஏதோ தகராறு என்று வரவில்லை. காவலாளி சாக்குகளைப் புரட்டிக் கொடுத்தார். பத்தொன்பதாவது சாக்கில் அந்தக் கோப்பு இருந்தது. வாசலுக்கு எடுத்துவந்து வெளிச்சத்தில் பிரித்தாள்.

பென்சில் எழுத்து. நீட்டி, பொறுமையாக, படிக்க வராதவருக்குக்கூடப் புரிய வேண்டும் என்பதுபோல எழுதியிருந்தார்கள். ‘இவ்விடம் பழைய குட்டையைத் தூர்த்த மண். அஸ்திவாரம் தரைத்தளத்துக்கு மட்டுமே போதும். மேல்மாடி கூடாது. உரிமையாளரிடம் சொல்லப்பட்டது.’ அதற்குக் கீழே நீல மையில் அந்தக் கையெழுத்து.

அறைக்குத் திரும்பிக் கணினியில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்தாள். கையொப்பமிட்டவர்: அவள் பெயர். தேதி பதினேழு. நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. மூலத்தைப் பார்த்தேன், இது அதன் சரியான நகல். அந்தப் பதினேழாம் தேதி பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கணவரின் தலையை ஸ்கேன் எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூலத்தைச் சாம்பலில் வைத்து ஸ்கேன் செய்து அச்சடித்துத் தையல்காரரிடம் நீட்டினாள். பென்சில் வரிகளை வாய்விட்டும் படித்துக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார். பிறகு மேஜை மேல் கிடந்த முதல் நகலைக் கண்ணால் காட்டினார்.

“அதுவும் உங்க ஆபீஸ் நகல்தானே. அதுலயும் கையெழுத்து இருக்கில்ல.”

“இருக்கு.”

“அப்ப அதையே குடுங்கம்மா. மாடிக்கு அனுமதி குடுக்கிறவர் இதைப் பாத்தா குடுக்க மாட்டார்.”

“அது தப்பு நகல். எழுத்து விழல.”

“யார் கண்டா? நீங்களும் நானும்தான். நீங்க இந்தப் பழசைத் தேடாம இருந்திருந்தா அதைத்தானே குடுத்திருப்பீங்க?”

அவர் சொன்னது முழுக்க உண்மை. “குட்டை மண்ணுங்க அது,” என்று மட்டும் சொன்னாள். “குழந்தைங்க வரப்போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நாப்பது வருசமா நிக்குது வீடு. ஒரு விரிசல் கிடையாது.”

“மாடி இல்லாமத்தானே நிக்குது.”

அவர் நகலை வாங்கிக்கொள்ளவே இல்லை. அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, “வேலையில்லாத வேலை,” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அக்கா முதல் நகலை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். போட்டபிறகுதான் அதனால் ஒரு பயனும் இல்லை என்று உறைத்தது. காகிதத்தைக் கிழிக்கலாம். கணினிக்குள் இருப்பது அவள் பெயரோடு அப்படியேதான் இருக்கும்.

அன்று மத்தியானம் அதே மூன்று வாரத்தில் கையொப்பமான முப்பது கோப்புகளைச் சாக்கிலிருந்து எடுத்துவந்து திரையோடு ஒப்பிட்டாள். பத்தொன்பதின் படத்தில் பென்சில் எழுத்து விழவே இல்லை. நெக்ஸ்ட்டைக் கூப்பிட்டாள். அவர் முதல் இரண்டு படத்தைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஆமாக்கா. நீங்க இல்லாதப்ப கறுப்பு வெள்ளைக்கு மாத்தினேன். மூணு மாசமா பின்தங்கிக் கிடந்தோம், முதலாளி உயிரை வாங்கிட்டார். நீங்க வந்த அன்னைக்குத் திருப்பி மாத்திட்டேன்.”

“பாத்துப் போடுங்கன்னு சொன்னேனே.”

“ஒரு நாளைக்கு அறுநூறு தாள்க்கா. கை பாத்துது, கண்ணு பாக்கல.”

அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள். டோக்கனைக் கொடுத்த கை தன்னுடையது என்னும்போது எதைச் சொல்லித் திட்டுவது.

பதிவேட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தாள். அந்த மூன்று வாரத்தில் ஒன்பதாயிரம் தாள், ஆயிரத்து நூற்று நாற்பது கோப்பு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு அந்தக் கடைசி லாரியிலேயே போய் அரைபட்டுவிட்டது. மிச்சம் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு கொட்டகையில் இருந்தது. லாரி அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரியிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“டோக்கனை இன்னொருத்தர்கிட்ட குடுத்தது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்லக்கா.”

“தெரியும் சார்.”

“உங்களுக்கு இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு. இந்த அறிக்கையெல்லாம் நான் மேல அனுப்பி முடிச்சாச்சு. அந்தத் தையல்காரர் கோப்பை மட்டும் சரி பண்ணிடுங்க. மத்தவங்க யாராவது வந்து கேட்டா, அப்பப்ப பாத்துக்கலாம்.”

“அப்பப்ப பாக்கறதுக்கு மூலம் இருக்காதே சார். திங்கக்கிழமை லாரி வருது.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீங்க வீட்டுக்குப் போய் நல்லா யோசிங்க. நான் எதையும் கேக்கலன்னு வச்சுக்கறேன்.”

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. “அண்ணி, யாராவது கேட்டாங்களா? யாரும் கேக்காத கேள்விக்கு நீங்களா போய் ஏன் பதில் எழுதறீங்க?” என்றாள். “இந்த நிலைமையில உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அண்ணனை யார் பாக்கறது? நான் என்ன இரும்பா?” அவள் கோபமாகச் சொல்லவில்லை. பயந்து போய்ச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். அவருடைய வலது கன்னம் தொங்கியிருந்ததால் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்ய வேண்டும். பாதிச் சவரத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“நானும் போட்டிருக்கேன்,” என்றார். வார்த்தைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன.

“என்னத்தை?”

“பிரேக்கைப் பாக்காம. பஸ்ஸு சரியா இருக்குன்னு கையெழுத்து. ரெண்டு தடவை. வண்டி கிளம்பணும்னு நின்னாங்க.”

முப்பது வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. “அப்புறம்?”

“ஒண்ணும் ஆகல. அதனால யார்கிட்டயும் சொல்லல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா அந்த ரெண்டு நாளும், வண்டி திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன். சோறு இறங்கல.”

அவள் மறு கன்னத்தையும் மழித்து முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் நாற்பது வருடம் வேலை பார்த்ததில் இரண்டு. தன்னுடையது ஒன்பதாயிரம். அதுவும் வண்டிபோல மாலையில் திரும்பி வந்து நிற்கிற சங்கதி இல்லை. நெடுங்காலம் வைத்திருப்பதற்கென்றே எடுத்துவைப்பது. அவள் போன பிறகும், அதிகாரி போன பிறகும், யாரோ ஒருவர் எண்ணைத் தட்டிப் படத்தைத் திறப்பார். கீழே அவள் பெயர் இருக்கும். அதை நம்பிச் சுவர் எழுப்புவார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே அலுவலகத்துக்குப் போய்க் கொட்டகைக்கு இன்னொரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். லாரி வந்து, ஹாரன் அடித்து, காவலாளியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. பிறகு ஒன்றரைப் பக்கம் கைப்பட எழுதினாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை தாள், டோக்கனை யாரிடம் கொடுத்தது, ஏன் கொடுத்தது. ‘ஏன்’ என்ற இடத்தில் கணவர் மருத்துவமனையில் இருந்தார் என்று ஒரே வரி. கடைசியில், இதற்கு நானே பொறுப்பு. மூன்று நகல் எடுத்து ஒன்றை அதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினாள்.

அதிகாரி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மேலே அனுப்பினார்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கேட்டதையே நாலு விதமாகக் கேட்டார்கள். அவள் சொன்னதையே நாலு தடவை சொன்னாள். நெக்ஸ்ட்டை ஒப்பந்தக்காரர் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். கிளம்புகிற அன்று கீழே வந்து, “நான் உண்மையத்தான் சொன்னேன்க்கா விசாரணையில,” என்றார். “தெரியும்,” என்றாள். பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் எழுதப்பட்டது. டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

போட்ட கையொப்பங்களை அழிக்க முடியுமா என்று தலைமை அலுவலகத்துக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். முடியாது என்றார் அங்கிருந்தவர். கையொப்பமிட்ட படத்தை யாரும் தொட முடியாது, தொடக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தமே; பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எடுத்த படத்தை அதற்கு முன்னால் வைக்கலாம், இது திருத்தம் என்று ஒரு குறிப்புச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

தொள்ளாயிரத்து இருபத்தெட்டுக் கோப்பையும் திரும்ப எடுக்க உத்தரவு வந்தது. தவறு செய்தவளே செய்யட்டும் என்று அவளையே கொட்டகையில் உட்காரவைத்தார்கள். தகரக் கூரை. பகல் பூராவும் அனல். ஒரு ஸ்கேன் இயந்திரம், ஒரு மின்விசிறி, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். ஆகவே அரை மணி நேரம் ஸ்கேன், பத்து நிமிடம் விசிறி. அவள் எடுப்பாள், அவள் ஒப்பிடுவாள். கையொப்பம் மட்டும் மாடியிலிருந்து இறங்கிவந்த புது அம்மாள் போடுவாள். அந்த அம்மாள் அக்கா பட்ட பாட்டைப் பார்த்தவள். ஒரு தாளைக்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்காமல் போட மாட்டாள். சில நாள் அக்காவுக்கே அலுத்துவிடும். “போதும் தாயி, அது அழுக்கு, எழுத்தில்ல,” என்பாள்.

ஆறு மாதம் ஆனது. கோப்புகளில் முக்கால்வாசிப் பென்சில் குறிப்புகள் ஒன்றுமில்லாதவை. ‘பார்த்தேன்.’ ‘மணல் நன்று.’ ‘மறுபடி வரவேண்டும்.’ ஆனால் முப்பத்தொரு கோப்பில், சுவரைத் தொடாதே, தூணை எடுக்காதே, மேலே ஏறாதே என்று எழுதியிருந்தது. அந்த முப்பத்தொன்றையும் தனியாகக் குறித்துக்கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பச் சொன்னார். அன்றுதான் அவர் பழையபடி “டீ சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டார்.

தையல்காரரை ஒரே ஒரு தடவை பார்த்தாள். மாடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்பக்கம் தரையோடு ஒரு அறை எடுக்க மனு. அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பவில்லை. கோபமா சங்கடமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கும் தோன்றவில்லை.

கடைசியில் மிஞ்சியது அரைபட்டுப்போன இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு பட்டியல் தயாரித்தாள். தெரு, மனை எண், கோப்பு எண். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வாசகம்: ‘மூலம் இல்லை. படம் முழுமையானது எனச் சொல்ல இயலாது.’

அதிகாரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “‘நகல் உள்ளது’ன்னு போட்டா போதாதாக்கா? இது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே.”

“நகல் இருக்குன்னா பாக்கறவங்க முழுசா இருக்குன்னு நெனச்சுக்குவாங்க சார்.”

“சரி. யார் கையெழுத்துப் போடறது?”

புது அம்மாளைக் கேட்டார்கள். “நான் பாக்காததுக்கு நான் எப்படிப் போட முடியும்?” என்று அவள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அதில் குற்றம் சொல்ல ஏதும் இல்லை. ஆகவே அந்த ஒரு பட்டியலுக்காக மறுபடியும் அக்காவுக்கே அதிகாரம் கொடுக்க வேண்டியதாயிற்று. பிடுங்கி வைத்திருந்த டோக்கனை எடுத்துப் பார்த்தால் அதன் காலம் முடிந்து போயிருந்தது. புதிதாக விண்ணப்பித்தார்கள். அவள்தானா அவள் என்று சரிபார்க்கக் கைபேசியின் முன்னால் முகத்தைக் காட்டச் சொன்னார்கள். இடதுபக்கம் திரும்புங்கள் என்றது, திரும்பினாள். வலதுபக்கம் என்றது, திரும்பினாள். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. “அதுக்குத்தான்யா ஆசையா இருக்கு. மூடினா திறக்க மாட்டேன், பரவாயில்லையா?” என்று அவள் சொன்னதைக் கேட்டுப் புது அம்மாள் சிரித்துவிட்டாள்.

பத்து நாளில் டோக்கன் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வரியையும் விரல்வைத்து ஒருமுறை படித்தாள். இரண்டு இடத்தில் மனை எண் தப்பாக இருந்தது, திருத்தினாள். பின் நம்பரை அடித்தாள். டோக்கனைக் கழற்றி ஓர் உறையில் போட்டு ஒட்டி, எழுந்துபோய் அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு லீவுப் படிவத்தையும் நீட்டினாள். மூன்று நாள். காரணம் என்ற இடத்தில் ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தாள்.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஓய்வுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கேக்கா.”

“இது அந்த ஓய்வு இல்ல சார்,” என்றாள் அவள். “தூங்கப் போறேன்.”

அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கைப்பையையும் காலி சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, தோளைத் தேய்த்துவிட்டபடி, நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க அவள் வாசலுக்கு நடந்தாள்.